கால் அங்குலம்

சஸ்காச்சுவானில் ஜனவரி.
வியாழன் மாலைகளில்
லூத்தரன் தேவாலயத்து அடித்தளத்தில்
ஒன்பது பேர் கூடி ஒட்டுப்போர்வை தைக்கிறோம்.
எஞ்சின் உறையாதிருக்க
கார்களை மின்கயிற்றில் கட்டிப்போட்டுவிட்டு
உள்ளே வருவோம்,
குதிரைகளை விட்டுவருவதுபோல்.

உள்ளே காப்பி. ஹீட்டரின் இருமல்.
பிறகு ஆர்டிஸ் ஹல்வர்சன்.

ஆர்டிஸிடம் ஒரு கண்ணாடி அளவுகோல்.
கேட்காமலே அதை உங்கள் துணிமேல் வைப்பாள்,
காய்ச்சலா என்று நெற்றி தொட்டுப் பார்ப்பவளைப்போல.
"கால் அங்குலம் என்றால் கால் அங்குலம், டோரீன்.
இது கால் அங்குலமும் கொஞ்சம் கருணையும்."

என் நட்சத்திரங்களுக்கு முனை இல்லையாம்.
பச்சைக்குப் பக்கத்தில் பழுப்பு வைக்க
யார் சொன்னார்கள் என்றாள்.
யாரும் சொல்லவில்லை.
தள்ளுபடியில் கிடைத்தது, அவ்வளவுதான்.
மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகளுக்குப் போகும் போர்வை.
அவர்கள் குறை சொல்லமாட்டார்கள்
என்று சொல்ல நினைத்தேன்,
வீடு போய்ச் சேர்ந்த பிறகு.

துணியைத் தைத்தது நான்.
என்னைத் தைத்தது அவள்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன், இருபத்திரண்டு வருடமாக.
முதுகுக்குப் பின்னால் முப்பத்தொரு பிள்ளைகள்.
கண்ணாடியில் ஒரு பார்வை போதும், அடங்கிவிடுவார்கள்.
அந்த நான்
ஓர் எழுபத்துநாலு வயதுக்காரிக்குப் பயந்து
துணியை மடிக்குள் ஒளித்துக்கொள்கிறேன்.

மிர்ட்டில் அவள் வரும் சத்தம் கேட்டதும்
எல்லாவற்றையும் பைக்குள் போட்டுவிடுவாள்.
யுவோன், "நீ சொல்வது சரிதான் ஆர்டிஸ்" என்பாள்,
வீட்டுக்குப் போய் ஒன்றையும் மாற்றமாட்டாள்.
அவளுக்கு ரத்த அழுத்தமே கிடையாது.
டிசம்பரில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போன லவோன்
திரும்பவில்லை.
அவள் நாற்காலியில் இப்போது கோட்டுகளைப் போடுகிறோம்.

நானும் மூன்று வாரம் போகவில்லை.
சமையலறை மேசையில் தனியாகத் தைத்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நாய்கூட.
மூன்றாம் வாரம்
என் அளவுகோலை நானே எடுத்து வைத்தேன்.
கால் அங்குலமும் கொஞ்சம் கருணையும்.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை:
அவள் சொன்னது பொய் இல்லை.

பிரித்தேன்.
இரவு ஒன்றரை மணிவரை பிரித்தேன்.
ஒரே ஒரு நட்சத்திரத்துக்கு முனை வந்ததும்
கொட்டாவி வந்தது.
மற்றவை அப்படியே இருக்கட்டும் என்று
விளக்கை அணைத்தேன்.

நாலாவது வாரம் போனேன்.
ஆர்டிஸ் எழுந்தாள். அளவுகோலும் எழுந்தது.
கடைசி வரிசைப் பையன்களிடம் பேசும் குரல்
எனக்கே தெரியாமல் வந்துவிட்டது,
உரக்க இல்லை:
"இன்றைக்கு வெறுமனே பார்.
அளக்க வேண்டுமென்றால் நான் கூப்பிடுகிறேன்."

எட்டு ஊசிகள் நின்றன.
ஹீட்டர் மட்டும் இருமியது.
பைக்குள் பாதி போன கையை
மிர்ட்டில் அப்படியே வைத்திருந்தாள்.

ஆர்டிஸ் பார்த்தாள்.
அளக்காமல் பார்ப்பதில் பழக்கமில்லை போலும்.
கைகள் எங்கே போவதென்று தெரியாமல்
மேசை விளிம்பைத் தடவின.
பிறகு குனிந்து
தரையில் கிடந்த நூல் துணுக்குகளைப்
பொறுக்க ஆரம்பித்தாள்.

மன்னிப்பு இல்லை. யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.
"அந்தப் பழுப்பு..." என்று
மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.
"ஆர்டிஸ்," என்றேன்.
"சரி, சரி."

அப்புறம் யுவோனின் மேசைக்குப் போய்
அவளுடையதை அளந்தாள். என்ன செய்ய.

ஒன்பது மணி இருக்கும்.
போர்வையின் கரை கோணிக்கொண்டு போனது.
இழுத்துப் பார்த்தேன், இஸ்திரி போட்டுப் பார்த்தேன்.
கடைசியில் நானே கூப்பிட்டேன்.
வேகமாக வந்துவிடாமல் இருக்க
அவள் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கரை நூல் பிடித்தாற்போல் நேரானது.
நட்சத்திரங்களை அவள் தொடவில்லை.
கண்ணால் தொட்டாள்,
இரண்டு தடவை.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.